அரசவை விகடகவி வேறு, கோமாளி வேறு: கேள்வி பதில்

நாடக வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், சென்னை வாசகர்கள் அனுப்பிய வினாக்களுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி (பெரம்பூர்): ஐயா, விகடகவி, கோமாளி இருவருமே சிரிக்கவைப்பவர்கள்தானே? உடையில் மட்டும்தான் வேறுபாடா?

பதில்: உடையை வைத்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும், இருவருக்கும் யார் படியளந்தார்கள் என்று பாருங்கள். விகடகவி அரண்மனைச் சோறு உண்டவர். உணவும் உடையும் தங்குமிடமும் ஒரே எஜமானரிடமிருந்து வந்ததால், அவர் முதன்மையாகச் சிரிக்கவைக்க வேண்டியவரும் அந்த ஒருவரே. கோமாளியோ, சீட்டு வாங்கி வந்து உட்காரும் முன்பின் அறியாத கூட்டத்தை நம்பிப் பிழைப்பவர். மற்ற வேறுபாடுகள் இதிலிருந்தே பிறக்கின்றன. அவையில் யாருக்கும் யாருக்கும் பகை, எந்த அமைச்சர் எந்தக் காரியத்தில் சறுக்கினார் என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தான் விகடகவியின் பேச்சு எடுபடும். கோமாளிக்கு அது தேவையில்லை. ஒருவர் தடுக்கி விழுவதைக் கண்டு சிரிக்க மொழிகூட வேண்டியதில்லை.

கேள்வி (மயிலாப்பூர்): அரசரையே கேலி செய்யும் உரிமை அவர்களுக்கு உண்மையிலேயே இருந்ததா?

பதில்: இருந்தது, ஆனால் அது இரவல் உரிமை. சீன வரலாற்றாசிரியர் சீமா சியென் தமது நூலில் அரசவை விகடர்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார். அதில் யோ ஜான் என்ற குள்ள உருவ விகடரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசருக்கு நகர மதில் முழுவதும் அரக்கு மெருகு பூச வேண்டும் என்று ஆசை எழுந்தது. யோ ஜான் மறுத்துப் பேசவில்லை. "மிக நல்ல யோசனை, மக்களுக்குச் செலவு ஆகும், ஆனாலும் மதில் வழுவழுப்பாகிவிட்டால் எதிரி ஏற முடியாது. பூசுவது எளிது, அது உலரும்வரை மூடிவைக்க அவ்வளவு பெரிய கொட்டகையைக் கட்டுவதுதான் கடினம்" என்ற பொருளில் பேசினார். அந்த அரக்கு, நன்கு மூடப்பட்ட ஈரப்பதமான இடத்தில்தான் சரியாக இறுகும் என்பது அவையில் இருந்தோருக்குத் தெரியும். பேரரசர் சிரித்தார், திட்டம் கைவிடப்பட்டது. ஆமாம் போட்டுக்கொண்டே காரியத்தைக் கவிழ்க்கும் இந்த உத்திதான் விகடகவியின் தொழில்நுட்பம் என்பது என் கருத்து.

1340-ஆம் ஆண்டு ஸ்லூயிஸ் கடற்போரில் பிரெஞ்சுக் கடற்படை அழிந்த செய்தியை ஆறாம் பிலிப் மன்னரிடம் சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை என்றும், அவருடைய விகடர் வந்து, "ஆங்கிலேயர்கள் கோழைகள், நம் வீரர்களைப் போலக் கடலில் குதிக்க அவர்களுக்குத் தைரியம் இல்லை" என்று சொன்னதாகவும் ஒரு பழைய கதை உண்டு.

எஜமானர் முகம் சுளித்தால் அந்த உரிமை அன்றே பறிபோகும். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ், முதலாம் சார்ல்ஸ் இருவரிடமும் பணியாற்றிய ஆர்ச்சிபால்ட் ஆர்ம்ஸ்ட்ராங், தலைமைப் பேராயர் லாட் என்பவரை இடைவிடாமல் சீண்டிவந்தார். பேராயர் புகுத்திய வழிபாட்டு நூலை எதிர்த்து 1637-இல் எடின்பரோவில் கலகம் மூண்டபோது, இப்போது முட்டாள் யார் என்று அவரையே கேட்டுவிட்டார். விகடருக்குரிய அங்கியைத் தலைவழியே கழற்றி அவரை வேலையிலிருந்து நீக்குமாறு அரசவைக் குழு ஆணையிட்டது.

உண்மை பேசும் ஞானி என்ற படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களைப் பார்ப்பதும் சரியன்று. அறிவு வளர்ச்சி குன்றியவர்களையும் உருவத்தில் குறுகியவர்களையும் வேடிக்கைக்காகவே அரண்மனைகளில் வைத்திருந்தார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டதாகத் தெரியவில்லை.

கேள்வி (வேளச்சேரி): தெனாலிராமனும் பீர்பாலும் விகடகவிகள்தானே?

பதில்: கதைகளில் அப்படித்தான். தெனாலி ராமகிருஷ்ணர் 'பாண்டுரங்க மாகாத்மியம்' இயற்றிய தெலுங்குக் கவிஞர். 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் அவையோடு அவரை இணைத்துப் பேசும் வேடிக்கைக் கதைகள் மக்கள் வாயில் வளர்ந்தவை. பீர்பால் அக்பரின் நம்பிக்கைக்குரிய அதிகாரி. 1586-இல் வடமேற்கு எல்லையில் யூசுப்சாய் கூட்டத்தாரோடு நடந்த போரில் உயிரிழந்தார். அவரை விகடகவி என்பது பொருந்தாது.

கேள்வி (வியாசர்பாடி): தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனை எந்த வகையில் சேர்ப்பது?

பதில்: இரண்டிலும் சேர்க்கலாம் என்பதே அவனுடைய சிறப்பு. துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று கிரீடம் தெரிய ஆடிக்கொண்டிருக்கும்போது, வெளியே நிற்கும் கட்டியக்காரன், "யாருய்யா நீ, எந்த ஊரு?" என்று சாதாரணப் பேச்சுத் தமிழில் கேட்கிறான். கதைக்குள் அவன் மன்னனின் சேவகன். மறுகணம் கதையை விட்டு வெளியே வந்து ஊர் ரேஷன் கடையையும் தேர்தலையும் கிண்டல் செய்கிறான். மன்னனுக்கு முன் நிற்பதால் விகடகவி, ஊருக்காகப் பேசுவதால் கோமாளி.

இவனுக்கு உறவினர்கள் உண்டு. சமஸ்கிருத நாடகங்களில் வரும் விதூஷகன் மன்னனின் தோழன், பிராமணன், சாப்பாட்டுப் பிரியன். ஆயினும் சமஸ்கிருதம் பேசாமல், அக்காலத்து மக்கள் வழக்கு மொழியான பிராகிருதமே பேசுவான். கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன் மலையாளத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டே சமகாலத்தையும் குத்திக்காட்டுவான். நம் மண்ணிலேயே, சிலப்பதிகாரம் புகாரின் பட்டினப்பாக்கத்தை வருணிக்கும்போது, ஆடற்கூத்தியரோடும் இசைக்கருவியாளரோடும் 'நகைவேழம்பர்' என்ற சிரிக்கவைக்கும் கலைஞர்கள் குடியிருந்ததைக் குறிப்பிடுகிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் வரும் பபூனை நான் கோமாளியின் பக்கமே வைப்பேன். அவருக்கு எதிரே இருப்பது மன்னர் அல்லர், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

கேள்வி (ராயபுரம்): தீவுத்திடலில் பார்த்த சர்க்கஸ் கோமாளிகள் ஏன் முகத்தில் அவ்வளவு வண்ணம் பூசுகிறார்கள்?

பதில்: தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பது முதல் காரணம். லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி 1768-இல் வட்ட அரங்கில் குதிரை வித்தைகளைத் தொடங்கினார். அவற்றுக்கு இடையே சிரிக்கவைக்க ஆள் தேவைப்பட்டது. பிற்காலத்துப் பெரிய கூடாரங்களில் பேச்சு எட்டாது; முகமும் உடலும்தான் எட்டும். ஆனால் வெள்ளை முகத்தில் சிவப்புத் திட்டுகள் என்ற ஒப்பனையை நிலைநாட்டியவர் நாடக மேடையில் நடித்த ஜோசப் கிரிமால்டி (1778–1837). அக்காலத்து லண்டனில் உரிமம் பெற்ற மிகச் சில அரங்குகளிலேயே வசன நாடகம் நடத்தலாம். 1843 வரை நீடித்த இந்தக் கட்டுப்பாட்டால் மற்ற அரங்குகள் பாட்டையும் அங்க அசைவையும் நம்பின, அதில் கோமாளிக் கலை செழித்தது. இந்தியாவில் விஷ்ணுபந்த் சத்ரே 1880-இல் சர்க்கஸ் தொடங்கினார்; கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் தலச்சேரியில் பயிற்சிப் பள்ளி திறந்தார்.

கேள்வி (தாம்பரம்): பெண் விகடர்கள் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். பிரான்சில் நான்காம் ஹென்றியின் அவையில் மதுரீன் என்பவர் பணியாற்றினார். இங்கிலாந்து அரசி முதலாம் மேரியிடம் இருந்த ஜேனின் ஆடைகளுக்கும், அவருடைய தலையை மழிப்பதற்கும் ஆன செலவு அரண்மனைக் கணக்கில் பதிவாகியுள்ளது.

கேள்வி (அண்ணாநகர்): சீட்டுக்கட்டு ஜோக்கர் இவர்களில் யார்?

பதில்: உடை விகடருடையது, பிறப்பு அமெரிக்காவில். 1860-களில் யூக்கர் என்ற ஆட்டத்தில் எல்லாத் துருப்புகளையும் வெல்லும் கூடுதல் சீட்டாக அது சேர்க்கப்பட்டது. மணி தொங்கும் குல்லாய் அணிந்த உருவம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.