புயல் ஓய்ந்த பிறகு ஊர் மக்களே சுத்தம் செய்ய இறங்கினால் எந்த வேலையை முதலில் எடுப்பது?

கையில் அரிவாளும் மண்வெட்டியுமாக நிறையப் பேர் தயாராக இருக்கிறோம், அரசு ஆட்கள் வர நாளாகும், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள்பலம் இருப்பது பெரிய விஷயம். ஆனால் வரிசை தவறினால் அதே ஆட்கள் அதே குப்பையை இரண்டு முறை சுமக்க வேண்டிவரும். புயலுக்குத் தப்பியவர்கள் சுத்தம் செய்யும்போது அடிபட்டுச் சாவதும் நடக்கிறது. அதனால் வரிசையை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் கம்பிகளுக்கானது. அறுந்து கிடக்கும் கம்பி, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈர மரம், கம்பி விழுந்த இரும்பு வேலி, கம்பி கிடக்கும் தேங்கிய தண்ணீர் எல்லாவற்றிலும் மின்சாரம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். "ஊரிலேயே கரண்ட் இல்லையே" என்று யாராவது கம்பியைத் தூக்கிப் போடக் கிளம்புவார்கள்; விடக்கூடாது. ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை நேரடியாக வீட்டு வயரிங்கில் சொருகியிருந்தால், அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறி, செத்துக் கிடப்பதாக நினைத்த கம்பியில் வந்து நிற்கும். லைன்மேன்கள் இறப்பதற்கும் இது ஒரு காரணம். எனவே ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்: மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும், சாதனங்களைத் தனி வயரில் நேரே ஜெனரேட்டரில் இணைக்க வேண்டும், ஜெனரேட்டர் கதவு ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் இருக்க வேண்டும். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்தது பாதை. ஆம்புலன்ஸ் ஒன்று போகும் அகலத்துக்கு மரத்தை அறுத்து ஒதுக்கினால் இப்போதைக்குப் போதும், மீதியைப் பிறகு பார்க்கலாம். விழுந்த மரம் அமைதியாகக் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் அதற்குள் விசை அடைபட்டிருக்கும். அடிமரம் இரண்டு முனையிலும் தாங்கப்பட்டு நடுவில் தொங்கினால், மேற்பக்கம் நெருக்கத்திலும் கீழ்ப்பக்கம் இழுப்பிலும் இருக்கும். அப்போது முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு கீழிருந்து அறுத்து மேலே உள்ள வெட்டோடு சேர்க்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நின்றால் தலைகீழ்: முதலில் கீழே, பிறகு மேலே. இதை மாற்றிச் செய்தால் ரம்பம் கவ்விக்கொள்ளும், அல்லது மரம் பிளந்து முகத்துக்கு வரும். வில்லாக வளைந்து மாட்டியிருக்கும் மரத்தை வளைவின் உட்பக்கம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி விசையைத் தளர்த்துங்கள். வெளிப்பக்கம் நிற்பவரை அது அடித்து வீழ்த்தும்.

வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். அடிமரத்தின் பாரம் போனதும் வேர்த்தட்டு, மண்ணோடு சேர்ந்து, குழிக்குள் திரும்பி விழும். அந்தக் குழியிலோ வேர்த்தட்டின் பின்னாலோ ஒருவர்கூட நிற்கக்கூடாது. குழந்தைகள் விளையாட இறங்கும் இடம் அதுதான் என்பதால், அறுக்கத் தொடங்குமுன் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். மெஷின் ரம்பத்தைத் தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும், சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி மேல்பாகத்தால் மரத்தைத் தொடுவதும் வேண்டாம். நுனி பட்டால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும்.

பாதை திறந்ததும் வடிகால். இங்கே பெரும்பாலான ஊர்கள் தங்கள் வீட்டு வாசலில் தொடங்குகின்றன. தண்ணீர் வெளியேறும் கடைக்கோடியில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். மேலே அடைப்பெடுத்தால் அந்தத் தண்ணீர் கீழ்த்தெருவில் போய் நிற்கும், அவ்வளவுதான். பாலத்துக் குழாயில் குப்பை அடைத்திருந்தால் யாரும் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். அடைப்பு திடீரென்று விடும்போது மேல்பக்கம் நிற்பவரை உறிஞ்சி இழுக்கும், கீழ்ப்பக்கம் நிற்பவரை அடித்துக்கொண்டு போகும். கரையில் நின்று நீளமான தொரட்டியால் இழுங்கள். வாரிய சேற்றைக் கரை விளிம்பிலேயே குவித்தால் அடுத்த மழையில் அதே சேறு உள்ளே வந்துவிடும். அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

குப்பையை முதல் கூடையிலிருந்தே பிரித்தாக வேண்டும். கிளை, இலை, மரம் ஒரு குவியல். செங்கல், ஓடு, சிமெண்ட் ஒன்று. தகரம், இரும்பு, ஃபிரிட்ஜ் ஒன்று. நனைந்த மெத்தை, துணி, பாய் ஒன்று. பெயிண்ட், பூச்சிமருந்து, பேட்டரி, டியூப்லைட் முதலிய விஷப்பொருட்கள் மூடிபோட்டுத் தனியாக. கலந்து கொட்டிய குவியலைப் பிறகு பிரிப்பவர் ஆணியிலும் கண்ணாடியிலும் கைவிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் பிரிக்கவே மாட்டார்கள், மொத்தமாகக் கொளுத்துவார்கள். பிளாஸ்டிக்கும் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பலகையும் எரியும் புகை ஊருக்கே நஞ்சு. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நன்றாக நனைத்து, மேலும் உடைக்காமல், இரண்டு சுற்று பிளாஸ்டிக் விரிப்பில் கட்டி வையுங்கள். குவியல்கள் வடிகால் மேலும் மின்கம்பிக்கு அடியிலும் இருக்கக்கூடாது. பச்சை இலைக் குவியல் உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கக்கூடும், ஆகவே 3 மீட்டர் உயரத்தைத் தாண்ட விடாதீர்கள். நிவாரணமோ காப்பீடோ கேட்கப் போகிறவர்கள், பொருளை வெளியே எறியுமுன் தண்ணீர் நின்ற தடத்தோடு சேர்த்து ஃபோட்டோ எடுத்துக்கொள்ளட்டும்.

வீட்டுச் சேற்றை ஈரமாக இருக்கும்போதே, பின் அறையிலிருந்து வாசல் நோக்கி வாருங்கள். காய்ந்தால் பெயர்க்க வேண்டிவரும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாத மெத்தையிலும் அட்டைத் தடுப்பிலும் பூஞ்சை பிடிக்கும், அவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம்.

கிணற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் ப்ளீச்சிங் பவுடர் அதிகம் வீணாகிறது. சேற்றின் மேலும் சாலையோரத்திலும் வெள்ளையாகத் தூவுவதால் பயனில்லை. சேற்றில் இருக்கும் அழுகல் அதன் குளோரினை அப்போதே தின்றுவிடும். கலங்கிய கிணற்றில் கொட்டினாலும் அதே கதிதான். முதலில் கலங்கல் நீரை இறைக்க வேண்டும். சுற்றுமண் ஊறியிருக்கும்போது ஒரே மூச்சில் வற்றவைத்தால் வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீர் உறையைச் சரித்துவிடும். பாதியளவு இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்து, தெளியும்வரை தொடருங்கள். உள்ளே யாரும் இறங்க வேண்டாம், பிராணவாயு இல்லாமல் இருக்கலாம். ஆயில் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் அங்கேயே விழுவார்.

தெளிந்த பிறகு அளவு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785 ஆல் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். 30 சதவீத வீரியமுள்ள பவுடரில் இது சுமார் 4.7 கிலோ. திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்திருக்கும். 25 சதவீதம்தான் என்றால் 5.7 கிலோ. ஒரு கிலோவுக்குக் குறைந்தது 10 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். உட்சுவரிலும் படும்படி ஊற்றி, வாளியை இறக்கி ஏற்றிக் கலக்கி, 12 மணி நேரம் விட்டு, நெடி போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். மீன் உள்ள குளத்தில் விடாதீர்கள். அதன்பின் தினசரிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும்; போட்டு ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்க வேண்டும். இவை எதுவும் உப்பையோ பூச்சிமருந்தையோ நீக்காது. பவுடரோடு டாய்லெட் ஆசிட்டையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ சேர்த்தால் கிளம்பும் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

சேற்றில் இறங்கும் எல்லோருக்கும் பூட்ஸ், கையுறை அவசியம்; டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்திருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் என்றால் சீக்கிரம் மருந்து தொடங்குவது உயிரைக் காக்கும்.

கொசுமுட்டை பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை தெருத்தெருவாகச் சுற்றி டயர், உடைந்த தொட்டி, தார்ப்பாய் மடிப்பு ஆகியவற்றில் நிற்கும் நீரைக் கவிழ்க்க ஒரு குழு வேண்டும். மரம் விழுந்த வேர்க்குழிகளையும் அவர்களே, செங்கல் குவியலில் ஆணியும் கண்ணாடியும் இல்லாத பகுதியைக் கொண்டு, மூடிவிடலாம்.