பறிக்கப்பட்ட முரசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிகாகோவில் வசிக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் சென்ற மாதம் தன் தேவாலயப் பாடகர் குழுவும் ஒரு கல்லூரிக் குழுவும் இணைந்து வழங்கிய நிகழ்ச்சிக்கு என்னை அழைத்துச் சென்றார். முதல் பாதியில் கல்லூரிக் குழுவினர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அடிமைக் காலத்து பக்திப் பாடல்களான ஸ்பிரிச்சுவல்களை வாத்தியம் ஏதுமின்றிப் பாடினர். என் கண்கள் நிறைந்துவிட்டன. இரண்டாம் பாதியில் தேவாலயக் குழுவின் காஸ்பல் எனப்படும் பிற்காலப் பக்திப் பாடல்கள். ஹாமண்ட் ஆர்கனும் டிரம்ஸும் முழங்க, அரங்கமே எழுந்து கைதட்டி ஆடியது. எனக்கு அது வெறும் இரைச்சலாகப் பட்டது. முன்னது கலை, பின்னது கொண்டாட்டம் என்று நான் பிரித்துக்கொண்டது சரிதானா? கிறிஸ்தவ நம்பிக்கை இல்லாத ஒருவர் இப்பாடல்களை எப்படிக் கேட்பது? எல்லோரும் எழுந்தபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தது மரியாதைக் குறைவா? நிகழ்ச்சி மூன்று மணிநேரம் நீண்டதால் எனக்குச் சலிப்பு தட்டியிருக்கவும் கூடும்.

ம.

அன்புள்ள ம.,

நம்பிக்கை பற்றிய கேள்வி உங்களை உறுத்த வேண்டியதில்லை. கதறுகிறவரின் கடவுளை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அவர் கதறல் நம் காதில் விழும் என்று எந்த விதியும் கிடையாது. மூன்று மணிநேரம் நீளம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் கண்கள் நிறைந்ததை நம்புகிறேன், மதிக்கவும் செய்கிறேன். ஆனால் அந்தக் கண்ணீரையே அளவுகோலாக்கி அடுத்து வந்த பாடல்களைத் தாழ்த்தினீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஓர் இசை அசையாமல் நிற்கத் தொடங்கியதும் அதைக் கலை என்று ஏற்றுக்கொள்ளும் நம் பழக்கத்தைப் பற்றி நான் நெடுநாட்களாக யோசித்து வருகிறேன். உங்கள் கடிதம் அங்கேயே வந்து நின்றது.

கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்று, மெல்லத் தொடங்கிப் பல குரல்களாகப் பிரிந்து உயரும் அந்தப் பாடல்முறையைத்தான் ஆதி வடிவம் என்று நினைத்துவிட்டீர்கள். அது மேடைக்காக உருவான வடிவம். 1871 அக்டோபர் 6 அன்று, நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரியைக் கடனிலிருந்து மீட்பதற்காக ஒன்பது மாணவர்கள், கல்லூரியின் பொருளாளரும் இசை ஆசிரியருமான ஜார்ஜ் ஒயிட்டின் தலைமையில் பயணம் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெற்றோரின் பாடல்களை மேடையேற்ற அவர்கள் முதலில் விரும்பவில்லை. அவை மறக்க வேண்டிய இருண்ட காலத்தைச் சேர்ந்தவை என்றும், பெற்றோருக்குப் புனிதமானவை என்றும் தயங்கியதைக் குழுவின் பியானோ கலைஞரான எல்லா ஷெப்பர்ட் என்ற பெண் பின்னாளில் எழுதியிருக்கிறார். தரையில் அமர்ந்து, தணிந்த குரலில், ஒருவரிடமிருந்து ஒருவராக அவர்கள் அப்பாடல்களைக் கற்றார்கள். உங்கள் ஊர் தீப்பற்றி எரிந்த அதே அக்டோபரில், தங்கள் செலவுக்கே பணமின்றி ஓஹையோவில் பாடிக்கொண்டிருந்தவர்கள், ஒரு கச்சேரியில் கிடைத்த ஐம்பது டாலருக்கும் குறைவான வசூலைச் சிகாகோவின் நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1873இல் விக்டோரியா அரசியின் முன் பாடினார்கள். பின்னர் ஹாரி பர்லி, ஹால் ஜான்சன், டஸ்கிகீ கல்லூரியின் வில்லியம் டாசன், நம் காலத்தில் மோசஸ் ஹோகன் என்று பல இசையமைப்பாளர்கள் அந்த மேடை வடிவத்தைச் செதுக்கிச் செதுக்கி வளர்த்தெடுத்தார்கள். அது மகத்தான உழைப்பு.

மேடைக்கு முன்பு அப்பாடல்கள் எப்படி இருந்தன? 1867இல் அச்சான அடிமைப் பாடல் தொகுப்பின் முன்னுரை அதை வருணிக்கிறது. தொழுகை முடிந்ததும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஆண்களும் பெண்களும் வட்டமாக நகர்வார்கள். பாதம் தரையைவிட்டு உயராமல் இழுபடும், உடம்பு முழுவதும் அதிரும், ஓரமாக நிற்பவர்கள் பாடிக்கொண்டே கைகளையும் முழங்கால்களையும் தட்டுவார்கள். தென் கரோலினாவில் 1739இல் ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடை செய்தது. பறிக்கப்பட்ட முரசின் வேலையை அதன் பிறகு உள்ளங்கையும் குதிகாலும் தரைப்பலகையும்தான் சுமந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஹோலினெஸ், பெந்தெகொஸ்தே என்னும் கிறிஸ்தவப் பிரிவுகளின் சபைகள் தாளக் கருவிகளை வழிபாட்டுக்குள் தயக்கமின்றிக் கொண்டுவந்தன. நீங்கள் இரைச்சல் என்று ஒதுக்கிய டிரம்ஸுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. பாடலின் மெட்டையும் சொல்லையும் முதல் பாதி காப்பாற்றித் தந்தது, பாடிய உடம்பைக் காப்பாற்றியது இரண்டாம் பாதி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெளியே நிறுத்த உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

உங்கள் தீர்ப்பு புதியதும் அன்று. 1930களில் உங்கள் சிகாகோவிலேயே, ஐரோப்பியக் கீதங்களைப் பாடிக் கண்ணியம் தேடிய பெரிய கறுப்பினத் தேவாலயங்கள் தாமஸ் டார்சியின் காஸ்பல் பாடல்களை இதே காரணம் சொல்லி விரட்டின. பாடகி மா ரெய்னியுடன் ப்ளூஸ் என்ற உலகியல் இசையை வாசித்தவர் பலிபீடத்தருகே வரலாமா என்று கேட்டன. அந்த டார்சி 1932 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸுக்குப் பாடச் சென்றிருந்தபோது, பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்த செய்தி வந்தது. வீடு திரும்பினார். குழந்தையும் பிழைக்கவில்லை. தன் கையைப் பற்றி நடத்திச் செல்லும்படி ஆண்டவரிடம் இறைஞ்சும் அவருடைய புகழ்பெற்ற பாடல் அந்தத் துக்கத்தில் பிறந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மஹலியா ஜாக்சன் பாடியது அதைத்தான். இதையா கொண்டாட்டம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்தீர்கள்? அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று வடக்கத்தியர்கள் எண்ணியது தன்னைத் திகைக்க வைத்ததாக, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெட்ரிக் டக்ளஸ் 1845இல் எழுதினார். தாளம் வேகமெடுத்தால் அங்கே துயரம் இல்லை என்று முடிவு கட்டும் உங்கள் காதும் அதே பிழையைத்தான் செய்கிறது.

முன்பொரு முறை சிகாகோவின் தென்பகுதியில் ஒரு சிறிய தேவாலயத்தின் ஒத்திகையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் கையிலும் தாள் இல்லை. குழுவை நடத்திய பெண்மணி உச்சக் குரலான சோப்ரானோவுக்கு ஒரு வரியைப் பாடிக் காட்டினார், பிறகு அதற்குக் கீழான ஆல்ட்டோவுக்கு, பிறகு ஆண்குரலான டெனருக்கு. மூன்றும் சேர்ந்ததும் அவர் வாயைத் திறக்கவே இல்லை. விரலை உயர்த்தினால் அடுத்த வரி, முஷ்டியை மடக்கினால் நிறுத்தம், கட்டைவிரலை மேலே காட்டினால் அரைச்சுரம் ஏற்றம். பகல் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வந்த முதியவர்கள் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடி ஏறிக்கொண்டே போனார்கள், ஒரு குரல்கூடப் பிசகவில்லை. இசைக் கல்லூரிகளில் அபூர்வமாகவே காணக்கூடிய ஒழுங்கை அங்கே கண்டேன். உங்கள் நண்பரின் குழுவும் அப்படித்தான் பயின்றிருக்கும். நீங்கள் நண்பரிடம் அதைக் கேட்கக்கூட இல்லை.

நீங்கள் உட்கார்ந்திருந்ததை யாரும் தவறாக எண்ணியிருக்க மாட்டார்கள், அங்கே வந்தவரை வந்தபடியே ஏற்றுக்கொள்வார்கள். மனம் எழுந்தால் எழுந்து நில்லுங்கள், தட்டினால் இரண்டாம், நான்காம் அடிகளில் தட்டுங்கள். ஆனால் நண்பரிடம் கேட்டு, ஒத்திகை நாளில் ஒருமுறை அவருடன் போய் உட்காருங்கள். அதன் பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள், அந்த இரண்டாம் பாதியைப் பற்றி மட்டும்.

அன்புடன்.