கரன்ட் அக்கவுன்ட் பிடித்தம்: எது திரும்ப வரும், எது வராது?

கேள்வி: வேலூர் லாங்கு பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். நானே முதலாளி, நானே கணக்குப்பிள்ளை. கடை பெயரில் உள்ள கரன்ட் அக்கவுன்ட்டில் இரண்டு வருடத்தில் மினிமம் பேலன்ஸ், செக் ரிட்டர்ன், ஸ்வைப் மெஷின், எஸ்எம்எஸ் என்று 21 ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்துவிட்டார்கள். 'சிஸ்டமே பிடிக்குது, நாங்க என்ன செய்ய' என்கிறார் மேனேஜர். இப்போது மினிமம் பேலன்ஸ் அபராதமே கிடையாது, எல்லாவற்றையும் திருப்பி வாங்கலாம் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். முடியுமா?

பதில்: முழுத் தொகையும் வராது, ஒரு பகுதி வரும். ஆனால் '21 ஆயிரத்தையும் திருப்பிக் கொடுங்கள்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அந்தப் பகுதியும் வராது. 'விதிப்படியே பிடிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் அனுப்பிக் கோப்பை மூடிவிடுவார்கள். எந்தப் பிடித்தம் எந்த விதிக்கு மாறானது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் சொல்வது சேவிங்ஸ் கணக்குக்குப் பொருந்தும். ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் அபராதத்தை நீக்கியது அதற்குத்தான். பற்றாக்குறை எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் அபராதம், அதனால் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-ல் போட்ட சுற்றறிக்கையும் சேவிங்ஸுக்கே. கரன்ட் அக்கவுன்ட்டில் வங்கி தன் கட்டண அட்டவணைப்படி பிடிக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவே இல்லாமல் செயலற்றதாக வகைப்படுத்திய கணக்கில் மட்டும் 2024 ஏப்ரல் முதல் பிடிக்கக் கூடாது.

அட்டவணைப்படிதான் பிடித்தார்களா என்பதை மட்டும் நீங்களே சரிபாருங்கள். மினிமம் பேலன்ஸ் பெரும்பாலும் சராசரிக் கணக்கு. ஒவ்வொரு நாளும் இரவு முடிவில் இருந்த தொகையைக் கூட்டி, நாட்களால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் மாத சராசரி என்றால், 30 நாள் மாதத்தில் ஒரே ஒரு இரவு 3 லட்சம் இருந்தாலும் போதும். மாறாக, மதியம் 2 லட்சம் கட்டி மாலையே சரக்குக்காரருக்கு அனுப்பிவிட்டால், சராசரிக்கு அன்று அந்தப் பணம் வந்ததாகவே ஆகாது. வியாபாரிகள் பலர் சறுக்குவது இங்கேதான். இன்னொன்று, உங்கள் கணக்கின் வகை. 10,000 வகையில் திறந்த கணக்கை வங்கி தானாக 25,000 வகைக்கு மாற்றியிருந்தால், கட்டண மாற்றத்தை ஒரு மாதம் முன்பே சொன்னதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். அப்படிச் சொல்வோம் என்று பெரும்பாலான வங்கிகள் தங்கள் வாடிக்கையாளர் உரிமைக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

உங்கள் கை ஓங்கி இருக்கும் இடம் செக் ரிட்டர்ன். வாடிக்கையாளர் மீது தவறு இருந்தால்தான் ரிட்டர்ன் சார்ஜ் பிடிக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. தொழில்நுட்பக் காரணத்தால் திரும்பிய செக்கை உங்களிடம் கேட்காமலே அடுத்த கிளியரிங்கில் வங்கி மறுபடி போட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ரிட்டர்ன் மெமோவிலும் காரணத்தைப் பாருங்கள். 'இமேஜ் தெளிவில்லை' என்றிருந்தால் அந்தக் கட்டணத்தைத் தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியிருந்தால் கேட்காதீர்கள், வீண்.

ஸ்வைப் மெஷின் வாடகை ஒப்பந்தப்படி வருவது, அதை விடுங்கள். விற்பனை மீதான கமிஷனைப் பாருங்கள். யுபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி முதல் கமிஷன் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடையில் 0.40 சதவீதம்தான் உச்சம், ஒரு பில்லுக்கு 200 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் விற்பனை என்றால் 0.90 சதவீதம், 1,000 ரூபாய். சிறு கடையைப் பெரிய கடை விகிதத்தில் போட்டு வைப்பதும் உண்டு. எஸ்எம்எஸ் கட்டணமோ வந்த செய்திகளின் எண்ணிக்கைப்படிதான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பிடித்தத்திலும் 18 சதவீத ஜிஎஸ்டி ஒளிந்திருக்கிறது. 590 ரூபாய் என்றால் 500 கட்டணம், 90 வரி. இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். அந்த 90-ஐ ஏற்கெனவே உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்திருந்தால், பணம் திரும்பியதும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் சரிசெய்ய வேண்டும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். திரும்பி வராத கட்டணங்களின் வரியையும் விட வேண்டாம். உங்கள் ஜிஎஸ்டி எண் வங்கியில் பதிவாகி, நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் முறை) இல்லை என்றால், அதை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம்.

இப்போது கடிதம். தேதி, தொகை, எதற்காகப் பிடித்தது, ஏன் தவறு என்று நான்கு பத்தி அட்டவணை போட்டு, கிளையில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வங்கி இணையதளத்திலும் பதிந்து புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜரிடம் வாயால் சொன்னது புகாராகாது. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் தாமதிக்காமல் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் இணையத்தில் புகார் செய்யலாம். செலவில்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகம் என்றால் 14448 என்ற எண்ணில் கேட்கலாம். வங்கியில் முதலில் புகார் செய்யாமல் நேரே அங்கே போனால் தள்ளுபடிதான்.

நுகர்வோர் ஆணையத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 'இது வணிக நோக்கச் சேவை, இவர் நுகர்வோரே அல்ல' என்றுதான் வங்கி வக்கீல் ஆரம்பிப்பார். 2022-ல் ஒரு பங்குத் தரகரின் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்கும் கடன் வசதி) வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தை ஏற்றிருக்கிறது. பிழைப்புக்காக நீங்களே நடத்தும் சுயதொழில் என்பதை மனுவிலேயே சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கும். பிடித்தம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதால், உங்கள் பட்டியலில் பழைய பிடித்தங்களுக்குக் கெடு நெருங்கிவிட்டது.

புகார் நடக்கும்போதே, குறைந்த இருப்பு கேட்கும் வகைக்குக் கணக்கை மாற்றித்தரச் சொல்லி தனியாக ஒரு மனுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதமும் அதே அபராதம் பிடிபடும்.