புதுமையான கேம் விற்குமா? கிளிநொச்சி அம்மா ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

"ஒருத்தரும் செய்யாத கேமைச் செய்தால் ஆர் வாங்கப்போயினம்?" என்று கேட்டீர்கள். உங்கள் மகன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். நீங்கள் வெளியில் போன நேரம் அவன் செய்த அந்தக் கேமை அவனுடைய போனில் விளையாடிப் பார்த்தேன். குளத்துக் கதவைத் திறந்து, வாய்க்கால் வழியே வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட வேண்டும். மேல் வயல்காரர் கூட எடுத்தால் கடைசி வயல் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. எனக்கு மனம் பதைத்தது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோக நெல் செய்யும் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்படி யோசனை வரும்.

இப்படியானவை விற்றிருக்கின்றன, அம்மா. அமெரிக்காவில் எரிக் பரோன் என்பவர் தியேட்டரில் பகுதிநேர வேலை பார்த்தபடி, படம், இசை எல்லாம் தானே செய்து, நாலு வருடத்துக்கு மேல் உழைத்து 2016இல் 'ஸ்டார்டியூ வேலி' என்ற கமம் செய்யும் கேமை வெளியிட்டார். 2024 முடிவில் 4 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. அதுவும் முழுக்கப் புதிதல்ல. 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற பழைய கமக் கேமின் வழியில் வந்ததுதான். தெரிந்த ஒன்றில் தன் கைப்பக்குவத்தைக் காட்டினார்.

மறுபக்கமும் உண்டு. ஜப்பானின் 'ஓகாமி' என்ற கேம் 2006இல் வந்தது. தூரிகையால் வரைந்தே விளையாடும் அற்புதமான யோசனை. பாராட்டு குவிந்தது, விற்பனை இல்லை. செய்த ஸ்டூடியோ அடுத்த வருடமே மூடப்பட்டது. 2024இல் கணினிக் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தில் மட்டும் 18,000க்கு மேற்பட்ட கேம்கள் வந்தன. பெரும்பாலானவை கண்ணில் படாமலே போயின.

அதனால் கேமை நம்பிக் குடும்பத்தை நடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். நகையை அடகு வைத்துத் தனியார் கோர்ஸுக்குக் காசு கட்டவும் வேண்டாம். உயர்தரப் பரீட்சையை வடிவாக எழுதட்டும். வவுனியாப் பல்கலைக்கழகமோ அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமோ, கணினிப் படிப்புக்கு முயலட்டும்.

ஆனால் கேமை விடச் சொல்லாதீர்கள். 'போர்ட்டல்' என்ற புகழ்பெற்ற கேம், மாணவர்கள் இறுதி வருடத்தில் செய்த ஒரு ப்ரொஜெக்டிலிருந்து பிறந்தது. அதைப் பார்த்த வால்வ் என்ற கேம் நிறுவனம் அவர்களையே வேலைக்கு எடுத்தது. விற்காவிட்டாலும், முடித்துக் காட்டிய வேலை நேர்முகத்தில் பேசும். கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருள் இலவசம். ஒரு வாய்க்கால், மூன்று வயல் போதும், முடிக்கட்டும். ரியூஷன் பெடியளிடம் கொடுத்து, எங்கே சிக்குகிறார்கள் என்று வாய் திறக்காமல் பார்க்கட்டும்.

சனிக்கிழமை வரும்போது போனையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும்.