வீட்டில் குடும்ப ஜெபம் ஏன் பாதியில் நின்றுபோகிறது? நிலைக்க என்ன செய்யலாம்?

5, 9, 14 வயதில் பிள்ளைகள், குடும்ப ஜெபம் தொடங்கினால் பத்து நாள் தாண்டுவதில்லை, பெரியவன் உட்காரவே மறுக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் இதற்குக் காரணம் நீளம்தான். ஒரு முழு அதிகாரம், மூன்று பாட்டு, முறைவைத்து ஆளுக்கொரு ஜெபம் என்று தொடங்கினால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். பரீட்சையோ காய்ச்சலோ வந்ததும் முதலில் விடுபடுவது அதுதான். பத்து நிமிடத்தில் முடியுங்கள்: ஒரு பாட்டில் இரண்டு சரணம், பத்து வசனம், ஒரே ஒரு கேள்வி, சின்ன ஜெபம். கடிகாரத்தைப் பார்த்து உட்காருவதைவிட, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதே இடத்தில் உட்காருவது எளிது. எல்லோரையும் மறுபடி கூப்பிட்டுச் சேர்க்கும் போராட்டம் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே நல்லது. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம்.

ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிப்போம் என்று முடிவெடுப்பவர்கள் பலர். யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும்போது சின்னப் பிள்ளைகள் கழன்றுகொள்வார்கள், லேவியராகமத்தில் பெரியவர்களும். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான்; நாளுக்கு ஒரு சம்பவம் என்று போனால் மூன்று, மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும். அடுத்து ரூத், யோனா. இரண்டும் நான்கு நான்கு அதிகாரம். பழைய மொழிபெயர்ப்பின் நடை சின்னவர்களுக்குப் பிடிபடாவிட்டால் வாசிப்பதற்கு எளிய நடை வேதாகமத்தை எடுங்கள். மனப்பாட வசனத்துக்கு மட்டும் சபையில் வாசிக்கிற மொழிபெயர்ப்பே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதே வரி காதில் விழும்போது பிள்ளையின் முகம் மலரும்.

கேள்வி கேட்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மாற்கு 4:35–41-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புயல் அடிக்கிறது, இயேசு படகின் பின்பக்கம் தலையணையில் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்புகிறார்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் "இயேசுவை நம்ப வேண்டும்" என்று ஞாயிறு பள்ளிப் பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். 5 வயதுக்கு: "தலையணை எங்கே இருந்தது?" 9 வயதுக்கு: "அவர்கள் எழுப்பினது பயத்திலா, கோபத்திலா?" 14 வயதுக்கு: "'உமக்குக் கவலையில்லையா' என்று இயேசுவிடம் கேட்டது தப்பா?" கடைசிக் கேள்விக்கு அவன் என்ன சொன்னாலும் உடனே திருத்தாதீர்கள். ஒரு நாள் அவன் மனதில் கிடக்கட்டும்.

உட்கார மறுக்கிற பெரியவனை வாய்விட்டு ஜெபிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அன்றைய பகுதியை வாசிக்கும் பொறுப்பைக் கொடுங்கள், அது போதும். சந்தேகம் கேட்டால் "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்காதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள், ஆறே வசனம். சந்தேகத்தையும் கடவுளிடமே கொண்டுபோகலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

ஜெபத்தைத் திட்டுவதற்குப் பயன்படுத்துவதுதான் பிள்ளைகளை மிகவும் காயப்படுத்துகிறது. "ஆண்டவரே, இவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இவனை மாற்றும்" என்று அவன் முன்னாலேயே ஜெபித்தால், அவனுக்கு அது ஜெபம் அல்ல, புகார். தண்டனையாக வசனம் எழுதச் சொல்வதும் அப்படித்தான். பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாருக்குத்தான் சொல்கிறது. நீங்கள் அநியாயமாகக் கத்திவிட்ட நாளில் ஜெபத்துக்கு முன்பே "நான் கத்தினது தப்பு, மன்னித்துக்கொள்" என்று அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டாலும் அவர்கள் அதை நேரில் பார்ப்பது வீட்டில்தான்.

மனப்பாடத்துக்கு வாரம் ஒரு வசனம் என்பது அதிகம், பழையது மறந்துபோகும். இரண்டு வாரத்துக்கு ஒன்று வையுங்கள். 117-ஆம் சங்கீதத்தில் இரண்டே வசனம், தொடக்கத்துக்குப் பொருத்தம். பிறகு 23-ஆம் சங்கீதம்: ஆறு வசனம், மூன்று மாதம்.

ஜெபக் குறிப்புக்கு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, விண்ணப்பம், நடந்தது என்று மூன்று பத்தி. கேட்டபடி நடக்காததையும் எழுத வேண்டும். நடந்தவற்றை மட்டும் எழுதினால் 9 வயதுப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் நோட்டின் மேல் நம்பிக்கை போய்விடும்.

துணைவர் சேரவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். அப்போஸ்தலன் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், யூதன் அல்ல (அப்போஸ்தலர் 16:1). பவுல் நினைவுகூருவது பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தை (2 தீமோத்தேயு 1:5). சேராதவரைப் பற்றிப் பிள்ளைகள் முன் குறை பேசாமல், அவருக்கும் ஓர் இடம் விட்டு உட்காருங்கள்.