கல்லே பட்டா

அன்புள்ள ஐயா,

ஜார்க்கண்டில் கோயல்-காரோ அணைக்காக முண்டா பழங்குடியினர் ஊரைவிட்டு எழ மறுத்ததைப் பற்றிப் படித்தேன். சடங்குகள் நம்பிக்கை சார்ந்தவைதானே? நல்ல இழப்பீடும் மாற்று நிலமும் கிடைத்தால் அங்கே அவற்றைத் தொடரலாமே? அவர்களுடைய சர்ணா வழிபாட்டைத் தனி மதமாக அங்கீகரிக்கும் கோரிக்கை பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தனி மதக் கோரிக்கையை அந்த மக்களே விவாதித்து வருகிறார்கள். நாம் கருத்துச் சொல்லாததால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடாது. உங்கள் முதல் கேள்விதான் நான் பல காலமாக மனத்தில் போட்டு உருட்டுவது.

ராஞ்சி மாவட்டத்தின் சோகாஹாட்டில் முண்டாக்களின் புதைநிலத்தில் நின்றிருக்கிறேன். 7,000-க்கும் மேற்பட்ட கற்பலகைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்த இடத்தை இடுகாடு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கியவர்களின் வழிவந்தவர்களுக்கே அந்த ஊரின் சாசன்திரி என்னும் புதைநிலக் கல்லுக்கடியில் எலும்பு வைக்கும் உரிமை உண்டு. பிழைப்புக்காக வேறூர் போனவர் அங்கே இறந்தாலும் எலும்பு மூதூருக்கே திரும்ப வேண்டும் என்பது மரபு. எழுத்தில் ஆவணம் கேட்டவர்களிடம் அவர்கள் இந்தக் கற்களையே பட்டாவாகக் காட்டினார்கள். ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த முண்டாத் தலைவர் பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்த 1908 சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில் காடு திருத்தியவர் வழியினருக்கான அந்த நில உரிமை, கூண்ட்கட்டி என்ற பெயரில் இடம்பெற்றது. சர்ணா என்னும் புனிதத் தோப்பும் இப்படித்தான்: ஊருக்காகக் காட்டை வெட்டியபோது வெட்டாமல் விட்ட சால மரங்கள் அவை, முன்பு அங்கே காடு இருந்தது என்பதற்கும் அதைத் திருத்தியவர் யார் என்பதற்கும் சாட்சி.

உங்கள் கடிதத்தில் இளக்காரம் இல்லை, அக்கறை இருக்கிறது. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. சடங்கைப் பெட்டி படுக்கையோடு கட்டி லாரியில் ஏற்றிவிடலாம் என்று எப்படி எண்ணினீர்கள்? மறுகுடியமர்வு நிலத்தை அவர்களுடைய பாட்டன் திருத்தவில்லை. அங்கே ஒரு கல்லைக் கிடத்தினால், ‘இந்த நிலத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்’ என்று அந்தக் கல் பொய்ச்சாட்சி சொல்லும். இழப்பீட்டுத் தொகையை எத்தனை மடங்கு உயர்த்தினாலும் அந்தப் பொய் மெய்யாகாது. பக்தி குறைந்தவரும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் காப்பது தன் சாமியை மட்டுமல்ல, தன் நிலத்துக்கான வழக்கையும்தான்.

உங்கள் யோசனை புதிதும் அல்ல. 710 மெகாவாட் மின்சாரத்துக்கான அந்தத் திட்டத்தின் அதிகாரிகளிடம், முதலில் இரண்டு ஊர்களை அவற்றின் சர்ணாவோடும் சாசன்திரியோடும் பெயர்த்து வைத்துக் காட்டுங்கள் என்று முண்டாக்களே கேட்டார்கள். 2001 பிப்ரவரி 2 அன்று தப்கராவில் திட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். 2003-இல் திட்டம் கைவிடப்பட்டது. அதுவரை எந்த ஊரையும் எவரும் அப்படிப் பெயர்த்துக் காட்டவில்லை.