கவனம் கன்னத்தில் இருக்கிறது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

தில்லியில் மயூர் விஹாரில் இருக்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பறக்கும் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் டிராப் ஆட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். துக்ளகாபாத் சுடுதளத்தில் சுட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் 25க்கு 21, 22 வருகிறது. போட்டி என்று வந்துவிட்டால் 16, 17தான். ஒரு தட்டு தப்பினால் போதும், அடுத்ததும் போய்விடும், பல சமயம் அதற்கடுத்ததும். உடைகிறவற்றிலும் பாதி இரண்டாவது தோட்டாவில்தான் உடைகிறது.

எல்லாரும் ‘கான்சன்ட்ரேட் பண்ணு’ என்கிறார்கள். காலையில் பிராணாயாமம் செய்கிறேன். போனில் தியான ஆப் வைத்திருக்கிறேன். ரேஞ்சில் போய் நின்றால் அதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. எந்தக் கோணத்துக்கு எவ்வளவு லீட் கொடுக்க வேண்டும், அதாவது தட்டுக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று கணக்குப் போட்டு ஒரு நோட்டே நிரப்பியிருக்கிறேன். என்னிடம் இருப்பது டெக்னிக் குறையா, மனசின் குறையா? நல்ல இத்தாலியத் துப்பாக்கிக்கு மாறினால் சரியாகுமா?

ஆர்., மயூர் விஹார்

அன்புள்ள ஆர்.,

டெக்னிக்கா மனசா என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். டிராப்பில் அப்படிப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் மனசு கலைந்தால் அது உடனே வெளியே தெரியும். ஸ்டாக்கின் மேல், அதாவது தோளில் பதியும் மரக்கட்டையின் மேல் வைத்த கன்னத்தில் தெரியும், கண் போகிற இடத்தில் தெரியும். பக்கத்தில் நிற்பவரே பார்த்துச் சொல்லிவிடலாம். அதனால் மனசைத் தனியாகப் பிடித்துக் கட்டும் வேலையைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, கன்னத்துக்கும் கண்ணுக்கும் வேலை கொடுத்துப் பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக ஐந்து நிலைகள். 15 மீட்டர் முன்னால் ஒரு பதுங்குகுழி, அதற்குள் 15 எந்திரங்கள், நிலைக்கு மூன்று வீதம். சுடுபவர் குரல் கொடுத்ததும் மைக் அதைப் பிடித்து மூன்றில் ஒன்றை இயக்கும். எது என்று அவருக்குத் தெரியாது. தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் சேர்த்து அழுத்திய தட்டு, 11 சென்டிமீட்டர் குறுக்களவு, 105 கிராம் எடை, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இடமோ வலமோ நேரேயோ பறக்கும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம், சுமார் 300 ரவை. கைதேர்ந்தவர்கள் குரல் கொடுத்த முக்கால் விநாடிக்குள் முதல் தோட்டாவைச் சுட்டிருப்பார்கள்.

சரி, கன்னத்துக்கு வருவோம். ரைஃபிளில் கண்ணுக்கு அருகே குறிபார்க்க ஒரு பின்குறி இருக்கும்; ரவை சுடும் நம் ஷாட்கன்னில் அது கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண்ணிலிருந்து பேரல் நுனி வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். கன்னம் ஸ்டாக்கை விட்டு ஒரு சென்டிமீட்டர் எழும்பினால், 35 மீட்டர் தள்ளி ரவைக் கொத்து 35 சென்டிமீட்டர் மேலே போகிறது. கொத்தின் அடர்ந்த நடுப்பகுதி தட்டுக்கு மேலே போய்விடும். ஓரத்து ரவை ஒன்றிரண்டு பட்டால் அதிர்ஷ்டம், பட்டாலும் பல சமயம் தூசி மட்டும் கிளம்பித் தட்டு முழுசாகப் போய்க்கொண்டிருக்கும்.

கன்னம் ஏன் எழும்புகிறது? உடைந்ததா என்று பார்க்கும் அவசரத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த அவசரம் உங்களுக்கு இல்லை. தப்பினால் தப்பட்டும், அடுத்த வாரம் வரப்போகிறோம். போட்டியில் ஸ்கோர் பலகை இருக்கிறது, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், பெயர் பட்டியலில் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு இருக்கிறது. டிரிகரை இழுப்பதற்கு முன்பே தலை வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடும். உங்கள் இரண்டாவது தோட்டா உடைப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். முதல் தோட்டா தப்பியதும் ‘போச்சு’ என்று உள்ளே ஏதோ விட்டுப்போகிறது. அந்தக் கணத்தில் கன்னம் தானாகவே ஸ்டாக்கில் உட்கார்ந்துவிடும். தட்டு இன்னும் தூரம் போன பிறகு, சிரமமான நிலையில், நீங்கள் அதை உடைக்கிறீர்கள் என்றால் உங்களிடம் திறமைக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு நீண்ட நாள் இருக்காதீர்கள். இறுதிச் சுற்றுகளில் தட்டுக்கு ஒரே தோட்டாதான்.

இதற்கு நான் மதிக்கிற பயிற்சி ஒன்று உண்டு. தட்டு உடைந்த பிறகும் கன்னத்தை எடுக்காமல், உடைந்த துண்டுகளில் பெரிய ஒன்றைத் தேர்ந்துகொண்டு அது மண்ணில் விழும்வரை பேரலோடு கண்ணைக் கொண்டுபோங்கள். தப்பினால் முழுத் தட்டையே அப்படித் தொடருங்கள். ஆரம்பத்தில் நாடகம் மாதிரி இருக்கும். கூட வருகிற நண்பரிடம் தட்டைப் பார்க்காமல் உங்கள் கன்னத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுங்கள். ஸ்கோரை யாரும் எழுத வேண்டாம். கன்னம் எத்தனை முறை இருந்தது, எத்தனை முறை எழுந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த லீட் நோட்டு. அதை எடுத்து வைத்துவிடுங்கள். லீட் தேவையில்லை என்று சொல்லவில்லை. ரவை 35 மீட்டர் போக விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிறது, அதற்குள் குறுக்கே போகும் தட்டு ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். முன்னால் சுடத்தான் வேண்டும். ஆனால் அந்த இடைவெளி சரியாக இருக்கிறதா என்று கண் சரிபார்க்கப் போகும்போது, அது தட்டை விட்டுவிட்டுப் பேரல் நுனிக்கு வந்துவிடும். கண் வந்த இடத்தில் துப்பாக்கியும் நின்றுபோகும், ரவை தட்டுக்குப் பின்னால் போகும். ஸ்லிப்பில் நிற்கிற ஃபீல்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டு கேட்ச் பிடிப்பதில்லை. தட்டின் முன் விளிம்பில் கண் இருந்து, துப்பாக்கி ஓடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு முன்னால் என்பதைக் கை கற்றுக்கொள்ளும். ஆயிரக்கணக்கான தோட்டா அதற்காகத்தான்.

ஷாட்கன் சுடுபவர்களின் கண் அசைவை அளந்து 2010ல் ஓர் ஆய்வு வெளியானது. டிராப், அதைப் போலவே பறக்கும் தட்டைச் சுடும் ஸ்கீட், டபுள் டிராப் ஆகிய மூன்றிலும் உச்ச நிலை வீரர்களை அடுத்த நிலையில் இருப்பவர்களோடு ஒப்பிட்டார்கள். உச்ச நிலை வீரர்களின் கண் தட்டின் மேல் முன்கூட்டியே நிலைத்தது, நிலைத்தபின் அதிக நேரம் அங்கேயே இருந்தது. துப்பாக்கியோ அவர்களிடம் நிதானமாகவே நகர்ந்தது. கண் தாமதமாக வந்தால்தான் கை பறக்க வேண்டியிருக்கிறது.

கண் முன்கூட்டியே பிடிக்க, குரல் கொடுப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். பதுங்குகுழியின் கூரையில் ஓர் அடையாளம் இருக்குமல்லவா, பலர் அதையே வெறித்துக்கொண்டு குரல் கொடுக்கிறார்கள். பேரல் அங்கே இருக்கட்டும். கண் அதைத் தாண்டி, கொஞ்சம் தூரத்தில், எதையும் குறிப்பாகப் பார்க்காமல் அகலமாகத் திறந்திருக்கட்டும். தட்டு முதலில் ஓர் ஆரஞ்சுக் கோடாகத்தான் தெரியும். கோட்டைப் பார்த்ததும் துப்பாக்கியை இழுக்கிறவர்கள் தட்டுக்கு முன்னால் ஓடி, பிறகு நின்று, திரும்பத் தேடுவார்கள். கோடு தட்டாக மாறி விளிம்பு தெரியும்வரை பொறுங்கள். கண்ணிமைக்கும் நேரம்தான் அது, ஆனால் அந்தப் பொறுமை இல்லாமல் இந்த ஆட்டத்தில் ஒன்றும் நடக்காது.

டிசம்பர், ஜனவரிக் காலையில் தில்லிப் பனிமூட்டத்தில் விளிம்பு தெரியவில்லை என்றால் அதற்கு மனசைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடியின் லென்ஸ் நிறத்தை மாற்றிப் பாருங்கள்.

இனி கவனம் பற்றி. 25 தட்டுக்கும் தொடர்ந்து கவனமாக இருக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது யாராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆறு பேர் குழுவில் சுடும்போது உங்கள் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நிமிஷம் இருக்கிறது. வேலை பத்து விநாடி. மீதி ஐம்பது விநாடி மனசு சும்மா இருக்கலாம். ஆபத்து அந்த ஐம்பது விநாடியில்தான். அங்கே மூன்று தப்பாயிற்று, இன்னும் பத்து இருக்கிறது என்ற கணக்கு ஓடும். இன்னொரு கணக்கும் உண்டு, உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரு சுற்றில் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு இடது, இரண்டு வலது, ஒரு நேர் வந்தாக வேண்டும். அதனால் ஒரு நிலைக்குக் கடைசி முறையாக வரும்போது ‘இங்கே வலது பாக்கி’ என்று ஊகித்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊகம் சரியாக இருந்தால் தட்டுக்கு முன்பே துப்பாக்கி கிளம்புகிறது, தப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம். எப்படிப் போனாலும் கண் வேலையை விட்டுவிட்டது.

காத்திருக்கும்போது தரையைப் பாருங்கள், காலித் தோட்டாக் கூட்டைக் கையில் உருட்டுங்கள், அடுத்தவர் தட்டைப் பின்தொடராதீர்கள். உங்களுக்கு முன்னிருப்பவர் சுடத் தயாரானதும் வேலை ஆரம்பம்: தோட்டாவைப் போடு, காலை ஊன்று, ஒரு மூச்சு விடு, துப்பாக்கியை மூடு, கன்னத்தை வை, கண்ணைத் தூரத்தில் விடு, குரல் கொடு. வரிசை உங்கள் இஷ்டம், ஆனால் தினமும் அதே வரிசை, அதே வேகம். உங்கள் பிராணாயாமம் பயன்படும் இடம் அந்த ஒரு மூச்சு. காலையில் அரை மணி நேரம் செய்வது உடம்புக்கு நல்லது, ரேஞ்சில் அது தானாக வந்து நிற்காது.

தப்பிய தட்டுக்குப் பின் இன்னொன்றும் தப்புவது ஏன் என்று கேட்டால், முதல் தட்டை நீங்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பேன். புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டதை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் மூன்று சுற்றில் 75க்கு 68, பட்டியலில் வெகு கீழே. இறுதிச் சுற்று ஏறக்குறைய கைவிட்டுப் போன நிலை. மறுநாள் காலை வந்து இரண்டு சுற்றிலும் 25, 25. மொத்தம் 118, இருபத்தோராவது இடம். பத்திரிகைகளுக்கு அது ஒரு தோல்விச் செய்தி. எனக்கு அந்த ஐம்பது தட்டுகள் பெரிய விஷயம். பதக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஐம்பது முறை கன்னம் ஸ்டாக்கிலேயே இருந்திருக்கிறது. இதற்கு மேல் மனவலிமை என்று எதைச் சொல்வது?

தோட்டா விலை பற்றிய கவலை எல்லாருக்கும் உண்டு. வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடியது இருக்கிறது. துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டைப் பேரலால் தொடர்ந்து போங்கள். கன்னம் ஒட்டியபடி, இடுப்பிலிருந்து திரும்பி, மெதுவாக. தினம் பத்து நிமிஷம் போதும், களைத்த கையோடு அதற்கு மேல் செய்தால் தப்பான பழக்கம்தான் ஏறும்.

இத்தாலியத் துப்பாக்கி இப்போது வேண்டாம். முதலில் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, கன்னம் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கண் நேராகப் பேரலின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டிலோ ரொம்ப மேலேயோ கீழேயோ இருந்தால், உங்கள் ஸ்டாக் உங்களுக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் கன்னம் எழும்புவதில் பாதிப் பழி மரத்துக்கு. நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து ஸ்டாக்கின் உயரத்தைச் சரிசெய்து, இரும்புப் பலகையில் சுட்டுக் கொத்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். நீங்கள் வலது தோளில் வைத்துச் சுடுபவரானால், இடது கண் மேலோங்கியதா, அதாவது குறிபார்ப்பதில் வலது கண்ணை அது முந்துகிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள். அப்படி இருந்தால் கண்ணாடியின் இடது லென்ஸில் சின்னதாக ஒரு டேப் ஒட்டினால் பலருக்குச் சரியாகிறது. இவ்வளவும் செய்த பிறகு, போட்டியிலும் 21 வந்த பிறகு, புதுத் துப்பாக்கி பற்றி எழுதுங்கள்.

அன்புடன்